பிரான்ஸ் கிராமத் தேவாலயங்களின் பழைய ஞானஸ்நானத் தொட்டி: ஏன் அவ்வளவு பெரிது, விளிம்பில் ஏன் ஓட்டைகள்?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. 12ஆம் நூற்றாண்டில் குழந்தையின் தலையில் நீர் ஊற்றுவதோடு முடிக்கவில்லை. தொட்டிக்குள்ளேயே முக்கி எடுத்தார்கள். அதற்கு ஆழம் வேண்டும். தலையில் ஊற்றும் வழக்கம் பரவிய பிறகு தொட்டிகள் சிறுத்தன.

ஓட்டைகள்தான் சுவாரஸ்யமானவை. அவை பெரும்பாலும் மூடியின் இரும்புக் கீலும் பூட்டும் பொருத்தப்பட்ட இடங்கள். சில தொட்டிகளில் இரும்பை இறுக்க ஊற்றிய ஈயம்கூட மிச்சமிருக்கும். தண்ணீருக்கு எதற்குப் பூட்டு? அது சாதாரணத் தண்ணீர் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவிலும், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்து திருநாளுக்கு முந்தின நாளும் குருவானவர் ஜெபித்து ஆசீர்வதித்து, புனித எண்ணெய் கலந்து, மாதக்கணக்கில் தொட்டியிலேயே வைத்திருப்பார்கள். அதை நோய்க்கும் மாந்திரீகத்துக்கும் யாராவது அள்ளிப் போய்விடுவார்கள் என்று திருச்சபை பயந்தது. தூசி விழாமல் காப்பதும் ஒரு காரணம்தான், ஆனால் தூசிக்குப் பூட்டு தேவையில்லையே!

அப்புறம், வடக்கு பிரான்சில் கருநீலக் கல் தொட்டியைப் பார்த்தால் அது தூர்னே கல்லாக இருக்கலாம். இன்றைய பெல்ஜியத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல். ஸ்கெல்ட் ஆற்றில் படகேற்றி அனுப்பினார்கள். சதுரத் தொட்டி, நடுவில் தடித்த தண்டு, மூலைக்கொரு சிறு தூண் என்பது அதன் வழக்கமான அமைப்பு. வடக்கு பிரான்சிலுள்ள லாவோன் நகரப் பேராலயத்தில் தூர்னே கல் தொட்டி ஒன்று இருக்கிறது.

தொட்டி பெரும்பாலும் மேற்கு வாசலருகே இருக்கும். ஞானஸ்நானம்தானே திருச்சபைக்குள் நுழையும் வாசல்.