ராக் கேள்வி–பதில்: விரல், கம்பி, நாலணா, மாடிப்படி

இந்த இதழில் குமரி மாவட்டத்து வாசகர்களின் கேள்விகள். பேரும் ஆண்டும் மட்டும் கேட்டிருப்பவர்களுக்கும், அந்தத் தகவல் பாட்டில் எந்த இடத்தில் காதில் விழுகிறது என்பதைச் சேர்த்தே எழுதியிருக்கிறோம். கேட்காமல் மனப்பாடம் செய்த தகவல் ஒரு வாரம்கூடத் தங்காது.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: "ஸ்மோக் ஆன் த வாட்டர்" தொடக்கத்தைச் சரியான சுரத்தில்தான் வாசிக்கிறேன். ஆனாலும் ரெக்கார்டில் கேட்பதுபோல் வரவில்லை. என் ஆம்ப் (ஒலிபெருக்கி) சரியில்லையா? பாட்டில் சொல்லும் தீ விபத்து உண்மையிலேயே நடந்ததா?

ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம், கையைப் பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ளும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பவர் கார்டாக வாசிப்பார்கள். அதாவது கீழே ஷட்ஜம், மேலே பஞ்சமம். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பது அதைக் கவிழ்த்துப் போட்டது: பஞ்சமம் மந்தர ஸ்தாயியில் கீழே, ஷட்ஜம் மேலே. இரண்டு கம்பிக்கும் இடையே நாலாம் சுர இடைவெளி. அதனால்தான் அந்த ஒலி கொஞ்சம் காலியாக, மணி அடித்தது போல இருக்கிறது.

பழக எளிய இடம் டி கம்பியும் ஜி கம்பியும் (தடித்த பக்கமிருந்து மூன்றாவதும் நான்காவதும்). இரண்டிலும் ஒரே ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையை) ஒரு விரலால் அழுத்துங்கள். வரிசை இது: 0–3–5, 0–3–6–5, 0–3–5–3–0. பூஜ்யம் என்றால் திறந்த கம்பி. மற்ற நான்கு கம்பிகளும் அதிராதபடி உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு வையுங்கள்.

அடுத்த தவறு பிக், அதாவது கம்பியைத் தட்டும் சிறு தகடு. பிக்கால் தட்டினால் ஒரு கம்பி முந்தும், மற்றது பிந்தும். பிளாக்மோர் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இரண்டையும் ஒரே நொடியில் கிள்ளுகிறார். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். மீதிப் பாதி உங்கள் கையில் இல்லை. ரெக்கார்டில் கிட்டார் தனியாகத் தொடங்கினாலும் பிறகு ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் அதே வரிசையோடு சேர்ந்துகொள்கிறது. அவர் ஆர்கனையே மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு உறும வைத்தவர். கிட்டார் என்று நாம் நினைக்கும் தடிமனில் ஒரு பங்கு ஆர்கனுடையது. கீபோர்ட் வாசிக்கும் நண்பர் ஒருவரைக் கூட வைத்து வாசித்துப் பாருங்கள்.

தீ விபத்து நடந்தது உண்மை. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரத்து கேசினோவில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரைப் பக்கம் சுட, கட்டடமே எரிந்தது. புகை ஜெனீவா ஏரியின்மேல் படர்ந்தது. டீப் பர்ப்பிள் அதே கேசினோவில் ரெக்கார்ட் செய்யத்தான் வந்திருந்தார்கள். இடம் போனதால் ஒரு தியேட்டருக்கு மாறினார்கள். சத்தம் தாங்காமல் போலீஸ் வந்து நிறுத்துவதற்குள் இந்தப் பாட்டின் அடிப்படை டிராக் பதிவாகிவிட்டது. மீதி ஆல்பம் குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலில், ரோலிங் ஸ்டோன்ஸுக்குச் சொந்தமான ரெக்கார்டிங் லாரியை வெளியே நிறுத்தி எடுக்கப்பட்டது. "மெஷின் ஹெட்" என்ற அந்த ஆல்பம் 1972-இல் வெளியானது. வினாடி வினாவுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆள் மாறிக்கொண்டே இருந்த இந்தக் குழுவில் எல்லா அணியிலும் இருந்தவர் டிரம்மர் இயன் பேய்ஸ் மட்டும்.

குளச்சல் வாசகர்: பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு விரல் நுனி இல்லை என்பதில் சந்தேகமில்லை. அது எந்தக் கை? எனக்க கூட்டுகாரன் இடது கை என்று சாதிக்கிறான்.

வலது கை. நடுவிரலும் மோதிர விரலும். உங்கள் கூட்டுகாரர் ஏன் தவறினார் என்பதும் புரிகிறது: கம்பியை அழுத்தும் கை இடது என்ற கணக்கில் யோசித்திருப்பார். அயோமி இடதுகைக்காரர், அவருக்கு அழுத்தும் கை வலது. 17 வயதில், தகடு வெட்டும் ஆலையில் கடைசி நாள் வேலையன்று இயந்திரம் நுனிகளைக் கொண்டுபோனது. ஒதுக்கிவைக்கக்கூடிய விரல்களும் அல்ல, கார்டு பிடிக்கும் விரல்கள்.

அவர் செய்த வழி பட்டறை வழி. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் அதில் விரல் நுழையும் குழி செய்தார். மணல்தாளால் தேய்த்து வடிவம் கொடுத்தார். பிளாஸ்டிக் வழுக்கியது, அதனால் மேலே பழைய தோல் துண்டை ஒட்டினார். அந்த உறையில் உணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்த வேண்டும். தடித்த கம்பி ஒத்துவராது என்று மெலிந்த பான்ஜோ கம்பிகளைப் போட்டார்.

1971-இல் வந்த "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி" ஆல்பத்தில் "சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்", "இன்டு த வாய்ட்" போன்ற பாட்டுகளுக்குக் கம்பிகளை மூன்று ஃப்ரெட் அளவு இறக்கினார். ஈ கம்பி சி ஷார்ப் ஆனது. இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், விரலுக்குச் சுகம். அந்தத் தொய்விலிருந்து பிறந்த கனத்த ஒலியைத்தான் பின்னால் வந்த ஹெவி மெட்டல் குழுக்கள் எல்லாம் துரத்தின.

நீங்களும் இறக்கிப் பார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. 9 அல்லது 10 கேஜ் (முதல் கம்பியின் தடிமன் எண்) செட்டை மூன்று ஃப்ரெட் இறக்கினால் கம்பி ஃப்ரெட்டில் மோதி இரைச்சல் வரும், கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே சுருதி ஏறிவிடும். இயல்பான விறைப்பு வேண்டுமானால் 10-க்குப் பதில் 12-இல் தொடங்கும் செட் போடுங்கள். தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் இறுகி நின்றால் டியூன் நிற்காது. பள்ளத்தைக் கடையில் கொடுத்து அகலப்படுத்த வேண்டியிருக்கும். கடலோரத்தில் இருப்பதால் இன்னொன்று: வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது மேலே சுற்று இல்லாத மெல்லிய மூன்று கம்பிகளைத்தான்.

இரணியல் வாசகி: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார் என்கிறார்களே, கம்பியும் தலைகீழா?

கிட்டார் தலைகீழ், கம்பி நேர். வலதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராடோகாஸ்டரைத் திருப்பி, தடித்த கம்பி மேலே வருமாறு மாற்றிப் போட்டுக்கொண்டார். அந்தக் கிட்டாரின் கடைசிப் பிக்கப் (கம்பியின் அதிர்வை எடுக்கும் காந்தக் கட்டை) சாய்வாக இருக்கும். திருப்பியதும் சாய்வும் திரும்பிவிட்டது. தடித்த கம்பிகள் பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்துக்கு) நெருக்கமாக எடுக்கப்பட்டுத் தெளிவாகவும், மெல்லிய கம்பிகள் சற்று உருண்டும் ஒலிக்கின்றன. கம்பியையும் மாற்றாமல் வாசித்தவர் ப்ளூஸ் மேதை ஆல்பர்ட் கிங். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கருங்கல் பக்கத்தில் கொயரில் டிரம்ஸ் வாசிப்பவர்: லெட் செப்பலினின் "வென் த லெவி பிரேக்ஸ்" டிரம்ஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே எடுத்ததாமே? எங்கள் ஆலயத்தின் கூரையும் உயரம்தான். ஆனால் எங்கள் டிரம்ஸ் குழம்புகிறது, அவர்களுடையது முழங்குகிறது. ஏன்?

இந்த இதழின் மிக நல்ல கேள்வி இது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு, இங்கிலாந்தின் ஹேம்ப்ஷர் பகுதியில். குழுவின் டிரம்மர் ஜான் பானமின் டிரம் செட்டை மாடிப்படி ஏறும் கூடத்தின் தரையில் வைத்தார்கள். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு பேயர் எம் 160 ரிப்பன் மைக்குகளை மேல் மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டார். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் மைக் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, அறையையே பதிவு செய்தார். அதைக் கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) வழியாக இறுக்கி, பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவியைச் சேர்த்தார்கள். 1971-இல் வந்த நான்காம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது.

உங்கள் ஆலயத்தில் குழம்புவதற்கு முதல் காரணம் வேகம். அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 70 சொச்சம் அடி. ஓர் அடி விழுந்து, அதன் எதிரொலி அடங்க இடம் கிடைத்த பிறகே அடுத்த அடி விழுகிறது. நிமிடத்துக்கு 130 அடி ஓடும் துள்ளல் பாட்டில் அந்த இடைவெளியே இல்லை. மெதுவான பாட்டுக்கு மட்டும் உங்கள் கூரை துணை செய்யும்.

அடுத்தது சிம்பல், அதாவது உலோகத் தட்டு. பானம் தோலை ஓங்கி அடிப்பார், சிம்பலை அளந்து தொடுவார். அவருடைய பேஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 26 அங்குலம். பொதுவாகக் கிடைக்கும் 22 அங்குலச் செட்டில், சிம்பலை ஓங்கி அடித்துக்கொண்டு தூரத்து மைக்கில் எடுத்தால், மைக்கில் சிம்பல் மட்டுமே இருக்கும்.

பதிவு செய்து பார்ப்பதானால் இரண்டு மைக் போதும். ஒரு நூல் எடுத்து ஸ்னேர் டிரம்மின் நடுவில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதே நீளத்தில் இரண்டு மைக்கும் வரட்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். ஒரு மைக் ஒரு முழம் தள்ளிப் போனால்கூட இரண்டு மைக்கிலும் வந்த ஸ்னேர் ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சப்பென்று கேட்கும். ஆள் நிரம்பிய ஆலயமும் வெற்று ஆலயமும் ஒன்றல்ல. உடுப்பும் உடம்பும் எதிரொலியைக் குடித்துவிடும். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் வைத்த அளவை ஞாயிறு காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.

தக்கலை வாசகர்: எங்கள் வினாடி வினாவில் "யார்ட்பேர்ட்ஸ் குழுவின் முதல் லீட் கிட்டாரிஸ்ட் யார்?" என்று கேட்டு, எரிக் கிளாப்டன் என்ற விடைக்கு மதிப்பெண் கொடுத்தோம். ஓர் அணி ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த அணிக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். கிளாப்டனுக்கு முன்பு டாப் டோபம் இருந்தார். கிளாப்டன் 1963-இல் வந்து 1965-இல் போனார். அவர் இடத்துக்கு ஜெஃப் பெக். 1966-இல் ஜிமி பேஜ் வந்தபோது முதலில் பேஸ் கிட்டார்தான் வாசித்தார். பிறகு கொஞ்ச காலம் பெக்கும் பேஜும் ஒரே மேடையில் இரண்டு லீட். பெக் விலகியபின் பேஜ் தனியாக நடத்தி, 1968-இல் குழு கலைந்ததும் லெட் செப்பலினைத் தொடங்கினார்.

கேள்வி தயாரிக்கும்போது ஆண்டையோ ஆல்பத்தையோ கேள்விக்குள்ளேயே வையுங்கள். "பீட்டில்ஸின் டிரம்மர் யார்" என்பது அரைகுறைக் கேள்வி. 1962 ஆகஸ்டுக்கு முன் என்றால் பீட் பெஸ்ட், பின் என்றால் ரிங்கோ ஸ்டார். "வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்" பாட்டை எழுதிப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிசன், அதன் லீட் கிட்டார் எரிக் கிளாப்டன். "யாருடைய பாட்டு" என்று கேட்டால் ஒரு விடை, "யார் வாசித்தது" என்றால் வேறு விடை.

மார்த்தாண்டத்தில் மிருதங்கம் பயிலும் வாசகர்: பிங்க் ஃபிளாய்டின் "மணி" மிஸ்ர சாபுவா?

எண்ணிக்கை ஏழுதான், நடை வேறு. சாபுவில் தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகப் பிரிந்து இரண்டு தட்டில் ஓடுகிறது. "மணி"யில் ஏழும் தனித்தனி அடியாக நடக்கின்றன, ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் ஒவ்வொரு ஏழுக்கும் ஒரு சுற்று முடிக்கிறது. நாலு நாலாகத் தட்டிப் பாருங்கள்: கை விலகிக்கொண்டே போய், 28 அடி கழித்துத்தான் மறுபடி சமத்தில் சேரும். டிக் பாரியின் சாக்ஸபோன் தனிவாசிப்பு ஏழிலேயே போகும். டேவிட் கில்மோரின் கிட்டார் தனிவாசிப்பு தொடங்கும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தை மிருதங்கக்காரர் முதல் கேட்பிலேயே பிடித்துவிடுவார்.

1973-இல் வெளியான இந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் காசு, கல்லாப்பெட்டி, கிழியும் காகித ஒலிகள் எல்லாம் கைவேலை. ஒவ்வொரு ஒலியையும் டேப்பில் எடுத்து, அளவுகோல் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டி, ஏழு துண்டுகளை ஒட்டி வளையமாக்கிச் சுழல விட்டார்கள். ஒரு துண்டு நீண்டாலும் தாளம் நொண்டும்.

அருமனை வாசகி: இசைக்குழுக்களின் விசித்திரப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

பிங்க் ஃபிளாய்ட்: பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரு ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்து அந்தக் குழுவின் சிட் பேரட் வைத்தது. லினர்ட் ஸ்கினர்ட்: நீள முடி வளர்த்த மாணவர்களைக் கண்டித்த லெனர்ட் ஸ்கின்னர் என்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஏசி/டிசி: யங் சகோதரர்களின் அக்கா தையல் மிஷினில் பார்த்த எழுத்துகள். ஜெத்ரோ டல் இசைக்காரரே அல்ல, 18-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் விதைப்புக் கருவி செய்த ஆங்கிலேய விவசாயி. அந்தக் குழுவில் புல்லாங்குழல் வாசித்த இயன் ஆண்டர்சனை ஜெத்ரோ என்று அழைத்தால் தவறு.

கன்னியாகுமரி வாசகர்: குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி இந்தியாவில் பிறந்தவரா? அதே குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே காசால் கிட்டார் வாசிப்பது உண்மையா?

பிறந்தது 1946-இல் ஸான்ஸிபாரில், பார்சிக் குடும்பத்தில். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில். அவருடைய முதல் குழு ஹெக்டிக்ஸ் அங்கேதான் உருவானது.

காசு உண்மை. பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ். மேயின் கிட்டாரும் வாங்கியது அல்ல. 1963-இல் அப்பாவும் மகனும் சேர்ந்து செய்யத் தொடங்கியது. அதன் கழுத்து பழைய கணப்படுப்பு மேடையின் மரம், அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்.

காசு வளையாது. அதனால் விரலின் சிறு அசைவும் நேராகக் கம்பிக்குப் போகிறது. காசைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பின் வரிகள் உரசி, சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு கீச்சொலி வரும். விளிம்பில் நுண்வரி உள்ள நம் பழைய நாலணா கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், அளவு ஏறக்குறைய அதுதான். மெல்லிய கம்பிகள் சீக்கிரம் தேயும். கூடுதலாக ஒரு முதல் கம்பி கையில் இருக்கட்டும்.

முட்டம் வாசகர்: கீத் ரிச்சர்ட்ஸ் ஐந்து கம்பியில் வாசிக்கிறாராம். என் கிட்டாரில் ஆறாம் கம்பி அறுந்துபோய்க் கிடக்கிறது. பழகலாமா?

தாராளமாக. ரோலிங் ஸ்டோன்ஸின் பல பாட்டுகளுக்கு அவர் வைப்பது ஓப்பன் ஜி என்ற சுருதி அமைப்பு. தடித்த பக்கமிருந்து: ஜி, டி, ஜி, பி, டி. ஐந்தாம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். நடுவிலுள்ள மூன்றையும் தொட வேண்டாம். ஒன்றும் பிடிக்காமல் தட்டினால் ஜி கார்டு, ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் சி, ஏழில் டி. மூன்றையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே, குறுக்கு விரலை எடுக்காமல் நடுவிரலும் மோதிர விரலும் கூடுதல் சுரங்களைத் தொட்டு விலகப் பழகுங்கள். அவருடைய வாசிப்பின் துள்ளல் அந்தத் தொட்டு விலகலில் இருக்கிறது. இரண்டு கம்பியை இறக்கியதும் கழுத்தின் விறைப்பு மாறி மற்றவை சற்று ஏறும். ஐந்தையும் இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.