வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

வணக்கம். மூன்றரை ஆண்டுப் பணிக்குப் பின் புதிய நிறுவனத்தில் சேர்ந்திருப்பதாகவும், பழைய பி.எஃப். கணக்கிலுள்ள 2,10,000 ரூபாயை எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள், வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான அதே யு.ஏ.என்.-இன்கீழ் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டு நிறைவதற்குள் எடுக்கும் தொகை, நோய், நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்கள் இருந்தாலன்றி வருமான வரிக்கு உட்படும். 50,000 ரூபாயைத் தாண்டினால், பான் எண் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் முன்னதாகவே பிடிக்கப்படும். மாற்றிக்கொண்டால் பழைய மூன்றரை ஆண்டும் அந்த ஐந்தில் சேரும். மேலும், 2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், வைப்பு வட்டிக்கோ ஆண்டுதோறும் வரி உண்டு.

பலரும் கவனிக்காதது ஓய்வூதியப் பங்கு, அதாவது நிறுவனம் செலுத்துவதில் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் பகுதி. மாத ஓய்வூதியத்திற்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், அந்தப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் இதுவரையான பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். என் முதல் வேலையை விட்டபோது நான் அப்படித்தான் எடுத்தேன். அந்த ஆண்டுகளை இன்றுவரை மீட்க முடியவில்லை.

மாற்றக் கோருவதற்கு முன், பழைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தடை வரும்.