எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிள்ளை

கேள்வி: யாழ் நகரில் 18 பேர் வேலை செய்கிற மொத்த விற்பனைக் கடையில் 7 வருடமாகக் காசாளராக இருக்கிறேன். சம்பளம் 50,000 ரூபா. வருட இறுதி ஸ்டொக்கில் 84,000 ரூபா குறைகிறதாம். நான் எடுக்கவில்லை. விலகல் கடிதம் தந்தால் பொலிசுக்குப் போகமாட்டேன் என்கிறார் முதலாளி. மானம் போகமுன் எழுதிக் கொடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்ய?

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் அழுதாலும் வேண்டாம். கையெழுத்து வைத்தால் நீங்கள் தானாக விலகினவர். பிறகு தொழில் நியாய சபையில் (வேலைத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற இடம்), வெருட்டி வாங்கின கடிதம் என்று காட்டுகிற பாரம் உங்கள் தலையில். வைக்காமல் இருந்தால், ஏன் நிறுத்தினேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.

குறைகிறது என்று கணக்கு சொல்லும். எடுத்தது ஆர் என்று சொல்லாது. சில வருடங்களுக்கு முன் ஹாட்வெயார் கடையில் நின்ற பெடியன் ஒருவன் என்னிடம் வந்தான். இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி, நாலு பேர் சுற்றி நின்று “எடுத்தது நான்தான்” என்று எழுத வைத்திருந்தார்கள். கடிதத்தில் திகதிகூட அவனுடைய கையெழுத்தில் இல்லை. மூன்று கிழமை கழித்து, காணாமல் போன தண்ணீர்ப் பம்புகள் கிளைக் களஞ்சியத்தில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. அனுப்பினவர் புத்தகத்தில் பதிய மறந்திருந்தார். பம்பு திரும்பி வந்தது. அவனுக்குப் பேசியிருந்த கலியாணம் வரவில்லை.

பொலிஸ் என்றதும் பயப்படுகிறீர்கள். சாதாரண வழக்கில் பொலிசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நீதிமன்றம் எடுக்காது. முதலாளிக்கு எழுதிக் கொடுத்த தாள்தான் ஆபத்து.

குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள்: என்ன பொருள், எந்தத் திகதி, களஞ்சியச் சாவி ஆர் ஆரிடம். உங்கள் பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தண்டனையாக நிறுத்தினால், இரண்டாவது வேலை நாள் முடியமுன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நியாய சபையில் விண்ணப்பம் போட்டாக வேண்டும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கிடக்கிறதுதானே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே ஒரு தரப்பு வராவிட்டால் இன்னொரு திகதி, அதிகாரி லீவென்றால் இன்னொன்று. சம்பளமில்லாத வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று திகதி போடுகிறவர்கள் ஒருநாளாவது யோசிக்கக் கூடாதா?

இந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் ஃபைல் கட்டோடு இருந்து, “உள்ளே ஆள் இருக்கு, இருபத்தையாயிரம் தாங்கோ” என்பார்கள். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அப்படிக் கொடுத்த தாளில் “எல்லாக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டேன்” என்று பிறகு எழுதப்பட்டதைக் கண்டிருக்கிறேன். நியாய சபையில் நீங்களே தோன்றலாம். தொழிற்சங்கத்தாரோ சட்டத்தரணியோ உங்களுக்காகத் தோன்றலாம். தரகர் தேவையே இல்லை.

பணிக்கொடை போய்விடும் என்று வெருட்டுவார்கள். இதை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 25,000 தர 7, அதாவது 1,75,000. மோசடிக்காகவோ நட்டம் ஏற்படுத்தினதற்காகவோ நிறுத்தப்பட்டவருக்கும் முழுவதும் போகாது; நட்டத்தின் அளவுதான் கழியும். 84,000ஐயும் நீங்களே எடுத்தீர்கள் என்று தீர்ந்தாலும் 91,000 உங்களுடையது. எடுக்கவில்லை என்றானால் முழுவதும். ஊழியர் சேமலாப நிதியோ (EPF) மத்திய வங்கியில் உங்கள் பெயரில் கிடக்கிறது. முதலாளி அதில் கை வைக்க முடியாது.

நாளைக்கும் வழமைபோல வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் நேரத்தையும், தடுத்தவர் பெயரையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே முதலாளிக்குப் பதிவுத் தபால் போடுங்கள்.