ஓடையில் கிடைத்த உருண்டைக்கல் டைனோசர் முட்டையா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். லீவுக்கு அரியலூர் பக்கம் சொந்த ஊருக்குப் போனபோது, காரை என்ற ஊருக்கு அருகே ஓடையில் பையன் சில கற்களைப் பொறுக்கி வந்தான். ஒன்று தேங்காய் அளவு உருண்டை. ஒரு பக்கம் உடைந்து உள்ளே அடுக்கடுக்காகத் தெரிகிறது. இன்னொன்று தட்டையாகச் சுருண்ட கல். வீட்டு முகப்பில் ஒட்ட வாங்கிய கல் பலகையிலும் செடி மாதிரி கறுப்புத் தடம் இருக்கிறது. இவையெல்லாம் புதைபடிவங்களா? யாரிடம் காட்டுவது?

பதில்: உருண்டையை முதலில் பார்த்துவிடுவோம், பையனின் கண் அதில்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துப் பார்த்தால் முட்டை இல்லை.

காரைக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் படிந்தது. டைனோசர்கள் முட்டையிட்டதோ தரையில். உடைந்த பக்கத்தைக் கவனியுங்கள்: முட்டையாக இருந்தால் விளிம்பில் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் தனியாக ஓர் ஓடு தெரியும், உள்ளே சாதாரண மண் இறுகியிருக்கும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸில் பார்த்தால் ஓட்டின் மேல் சின்னச் சின்ன மேடுகளும் துளைகளும் இருக்கும். உங்கள் கல்லில் வெங்காயம் போல நடுவரை அடுக்குதான். ஒரு சிப்பித் துண்டையோ அம்மோனைட்டையோ (சுருண்ட ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரி) சுற்றித் தாதுப்பொருள் படிந்து இறுகினால் இப்படி ஆகும். அந்த நடுப்பொருளே நல்ல புதைபடிவமாக இருக்கலாம் என்பதால் சுத்தியலால் உடைத்துப் பார்க்க வேண்டாம்.

ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் குளத்தில் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைகள் டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. கடைசியில் அவையும் இந்த வகைக் கல்லுருண்டைகள்தான். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கதை தலைகீழ். பாட்லியா ஊர்க்காரர்கள் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்த உருண்டைகள் நிஜமான டைனோசர் முட்டைகள் என்று 2023-ல் தெரியவந்தது. உருவத்தை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறலாம்.

அதற்காக அரியலூர்ப் பக்கம் டைனோசரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-ல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பாவம், அந்த எலும்புகள் பிறகு பொடிந்தே போயின. வரைபடங்களும் சில படங்களும்தான் மிச்சம்.

சுருண்ட கல் அம்மோனைட். இதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கவாட்டில் இலை விளிம்பு மாதிரி வளைந்து நெளிந்து ஓடும் கோடுகள்தான் அடையாளம்: உள்ளே இருந்த அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம் அது. நத்தைக்கு அறைகளே கிடையாது. பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட்டே.

பலகையில் இருப்பது செடி இல்லை. விரிசல் வழியே நீர் கசிந்து, மாங்கனீஸ் ஆக்சைடு கிளைகிளையாகப் படிந்திருக்கிறது. நடு நரம்பு இல்லை, கிளைகள் விரிசல் விளிம்பிலிருந்தே கிளம்புகின்றன, பாருங்கள். (பெங்களூரின் சொந்தப் பாறையில் செடியைத் தேடுவதும் வீண். லால்பாக் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. அப்போது செடியே கிடையாது.) பாறைமேல் தெரியும் தடம் வல்லுநர்களையே ஏய்க்கும். பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்ற ஆதி உயிரின் தடம் இருப்பதாக 2021-ல் ஆய்விதழிலேயே வந்தது. 2023-ல் இன்னொரு குழு அதைத் தேன்கூட்டின் மிச்சம் என்று காட்டியது. முதலில் எழுதியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

காட்ட வேண்டுமானால் பெங்களூரில் குமாரசாமி லேஅவுட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. அந்த மண்ணின் கற்கள் வரிசையாக அங்கே இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதுவரை எலுமிச்சை, வினிகர் எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். சுண்ணாம்புப் பொருள் கரைந்துவிடும். பளபளப்புக்காக வார்னிஷும் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஓடையில் எந்த இடத்தில் எடுத்தது, கரை மண்ணிலிருந்தா, தண்ணீர் உருட்டி வந்ததா என்று பையனிடம் இன்றே கேட்டு ஒரு சீட்டில் எழுதி, அந்தந்தக் கல்லோடு தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். போன் படங்களில் இருப்பிடம் பதிவாகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.