ஒரு முன்பல் வந்துவிட்டது, இன்னொன்றைக் காணோம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மேல்வரிசையில் வலது முன்பல் முளைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது பக்கம் இன்னும் வெறும் ஈறுதான். நாலு வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்ததில் அந்தப் பக்கத்துப் பால் பல் கறுத்துப்போனது. பிறகு சீழ் வைத்ததால் எடுத்துவிட்டோம். இப்போது அதற்கு அடுத்த பல் முளைத்து, காலி இடத்தின் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கால்சியம் டானிக் கொடுத்துப் பார்த்தேன். மாமியார் நெல்லால் ஈறைக் கீறிவிடச் சொல்கிறார். பள்ளியில் ‘பொக்கைவாய்’ என்று கூப்பிடுகிறார்களாம். இன்னும் காத்திருக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். இந்த மாதமே பல் மருத்துவரிடம் காட்டி, அந்த இடத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ‘தானாக வந்துவிடும்’ என்று சொல்லக்கூடிய கட்டத்தை உங்கள் மகன் தாண்டிவிட்டான்.

மேல் முன்பற்கள் இரண்டும் பொதுவாக 7 முதல் 8 வயதுக்குள் முளைக்கும். சில வீடுகளில் எல்லாருக்குமே பல் தாமதமாகத்தான் விழும், தாமதமாகத்தான் முளைக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ பிந்தினால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் தாமதமாவதும் சகஜம். ஆகவே வயதுக் கணக்கை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதம் கழிந்தும் அதே பல் மறுபக்கம் வரவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். நடுப்பல் வருவதற்கு முன்பே அதன் பக்கத்துப் பல் வந்துவிட்டாலும் அப்படித்தான். நீங்கள் எழுதியிருப்பதில் இந்த இரண்டு அறிகுறிகளுமே இருக்கின்றன.

டானிக் விஷயத்தையும் இதே கணக்கில் யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் ஓடும் கால்சியம் வலது பக்கத்துக்கு மட்டும் போய், இடது பக்கத்தை விட்டுவிடாது. வைட்டமின் டி குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு போன்றவை பல் வருவதைத் தாமதமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது வாயிலுள்ள எல்லாப் பற்களுமே பிந்தும். அதோடு, முன்பல்லில் பின்னால் வெளியே தெரியப்போகும் பகுதி நாலைந்து வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. ஒன்பது வயதில் குடிக்கும் டானிக் அதை வெளியே தள்ளாது. நெல்லும் வேண்டாம். கீறலில் கிருமி புகுந்து புண்ணாவதுதான் மிச்சம். தடை பெரும்பாலும் நெல் முனைக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும்.

சரி, அந்த இடத்தில் என்னதான் இருக்கும்? பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் கதையில் எனக்கு முதலில் தோன்றுவது அந்த ஊஞ்சல் விபத்துதான். பால் பல்லின் வேர் நுனிக்கு மிக அருகில்தான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும். பால் பல் மேல் நோக்கி இடிபட்டால் அந்த அடி உள்ளே இருக்கும் பல்லையும் தாக்கும். சில பிள்ளைகளுக்கு வேர் வளைந்து வளர்ந்து, பல் திசைமாறிப் படுத்துவிடுகிறது. அடி பட்டபோது வெளியே கறுத்த பல்லை மட்டும் பார்த்திருப்பீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது காரணம், பால் பல்லைச் சீக்கிரமே எடுத்தது. சீழ் வைத்த பல்லை எடுத்தது சரிதான், அதில் தவறில்லை. ஆனால் பால் பல் என்பது பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்து வைத்த இடம் மாதிரி. துண்டு போனால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். அந்தச் சாய்ந்த பல் செய்திருப்பதும் அதுதான். கூடவே, பல வருடம் காலியாக இருந்த ஈறு தடித்துக் கெட்டியாகி, பல் கிழித்துக்கொண்டு வர முடியாதபடி ஆகியிருக்கலாம்.

விபத்தே நடக்காத பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் தேடுவது கூடுதல் பல்லை. இரண்டு முன்பற்களுக்கும் நடுவே, எலும்புக்குள், ஒரு குட்டிப் பல் உருவாகி வழியை மறித்திருக்கும். இது ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். உங்கள் மகனுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. பல்லே உருவாகாமல் போயிருக்குமோ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. மேல் நடுப்பல் அப்படி இல்லாமல் போவது மிக அரிது.

இதையெல்லாம் பிரித்துச் சொல்லத்தான் எக்ஸ்ரே. சின்னப் படம் ஒன்றில் படும் கதிர்வீச்சு, ஏறக்குறைய ஒரு நாளில் இயற்கையாகவே நம்மீது படும் அளவுதான். பல் முன்பக்கம் இருக்கிறதா, அண்ணத்தின் பக்கம் இருக்கிறதா என்று தெரிய இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்வார்கள். படுத்த பல் என்று சந்தேகம் வந்தால் ஸ்கேன் கேட்கலாம். முடிந்தால் குழந்தைகள் பல் மருத்துவரிடம் போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. விபத்து எப்போது நடந்தது, பல்லை எப்போது எடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

நான் அவசரப்படுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேர் வளர்ந்துகொண்டிருக்கும்வரை பல்லுக்குத் தானாக வெளியே வரும் வேகம் இருக்கும். மேல் முன்பல்லின் வேர் ஏறத்தாழ 10 வயதில் முழுமையடைந்துவிடும். அதற்கு முன்பே தடையை நீக்கி, சாய்ந்த பல்லை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தால், பல பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பல் தானே இறங்கிவிடுகிறது. ஈறு தடித்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் சின்னதாக ஈறைத் திறந்துவிட்டாலே போதும். தானாக வராத பல்லுக்கு, ஈறைத் திறந்து பல்மேல் ஒரு சிறு பிடியை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கிளிப்பில் கட்டி, மாதக்கணக்கில் மெதுவாக இழுப்பார்கள். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, ஆனால் நடக்கக்கூடிய வேலை. வேர் மிக மோசமாக வளைந்திருந்தால் மட்டுமே பல்லை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

பல் வந்தபிறகு இரண்டு முன்பற்களுக்கும் இடையே சந்து தெரிந்தாலோ, நுனி ரம்பம் போல இருந்தாலோ பதற வேண்டாம். இந்த வயதில் இரண்டும் இயல்பு. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் சந்து குறைந்துவிடும். அந்தக் கோரைப்பற்களையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். 10 வயதில் மேலீறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் இரண்டு பக்கமும் மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றாலோ, ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். கோரைப்பல் திசைமாறுவதை அப்போதே கண்டுபிடித்து, பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டால், பல நேரம் அது தானே சரியான வழிக்கு வந்துவிடும்.

அப்புறம், பள்ளிக்கூடக் கேலி. கழற்றி மாட்டக்கூடிய தட்டு ஒன்றில் செயற்கைப் பல் வைத்துத் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். சிரித்தால் பல் தெரியும், பக்கத்துப் பல் இன்னும் நகராமலும் இருக்கும். ஆனால் எக்ஸ்ரே பார்த்து முடிவெடுத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். நிஜப் பல் இறங்கத் தொடங்கியதும் தட்டு இடிக்காதபடி தேய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.