47 நாள்களுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை

திருப்பூர் நண்பருக்கு வணக்கம். 47 நாள்கள் குடிக்காமல் இருந்துவிட்டு, சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்த மாலையில் மீண்டும் குடித்துவிட்டதாகவும், தாங்கள் எதற்கும் உதவாதவர் என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். குடித்த அந்த ஒரு மாலையைவிட இந்த எண்ணமே ஆபத்தானது. ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாகக் கருதுபவர் அந்தக் குற்றவுணர்வைத் தணிக்கவே மறுபடியும் குடிக்கிறார் என்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே விளக்கியிருக்கிறார்.

ஈரோட்டில் விசைத்தறி ஓட்டிய எனக்கும் இது நேர்ந்தது. இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரு நுனிகளையும் விரலால் முறுக்கி முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவோமே தவிர, அதுவரை நெய்த துணியைக் கிழித்தெறிய மாட்டோம் என்பது என் குடிப்பழக்கத்துக்கும் பொருந்தும் என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. உங்கள் தம்பி சறுக்கியிருந்தால் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். அது சலுகை அன்று. அடுத்த சனிக்கிழமை கடை இருக்கும் சாலையை விட்டு வேறு வழியாக வீடு திரும்புங்கள் (நான் ஆறு மாதம் சுற்றுவழியில்தான் சைக்கிள் மிதித்தேன்).

தினமும் குடிக்கும் நிலைக்குத் திரும்பியிருந்தால் மட்டும் திடீரென நிறுத்த வேண்டாம். முதல் 2 நாள்களுக்குள் கைநடுக்கத்தோடு வலிப்பும் வரக்கூடும் என்பதால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருத்துவர் சொல்படி நிறுத்துங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.