மாமாவின் பென்சில்

அன்புள்ள ஐயா,

போன வருஷம் தவறிய என் தாய்மாமா தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் கேம்களைப் பெட்டியோடு வாங்கி வருவார். இப்போது அவை என்னிடம் வந்திருக்கின்றன. நாற்பது ஃபிளாப்பிகள், ஆறு கையேடுகள். ஃபிளாப்பிகளில் இருப்பதை எப்படி எடுப்பது? அவற்றையும் கையேடுகளின் ஸ்கேனையும் இணையத்தில் போட்டால் சட்டச் சிக்கல் வருமா? எல்லாமே நெட்டில் கிடைக்கிறதே, இந்தக் குப்பை எதற்கு என்கிறார் மனைவி. கையேடுகள் கெட்டுப்போகாமல் இருக்க, பின்னைக் கழற்றி இரண்டை லேமினேட் செய்துவிட்டேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கையேட்டில் மாமா பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார். அங்கங்கே சில சொற்களின் முதல் எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் ஏதோ எண்கள். ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டேன். அடுத்து அதைத்தான் லேமினேட் செய்யக் கொடுக்கவேண்டும்.

க., கோவை

அன்புள்ள க.,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டு நாள் ஆறப்போட்டேன். அப்படியொன்றும் ஆறவில்லை.

மாமாவின் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் அதுவே பெரிய விஷயம். ஆனால் லேமினேஷன் கடைக்குப் போவதை இன்றோடு நிறுத்துங்கள் தம்பி. நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மார்க் ஷீட், ஜாதகம், தாத்தாவின் ஒரே போட்டோ என்று பத்திரப்படுத்தவேண்டிய எதையும் கொண்டுபோய் அந்தச் சூட்டு உருளைக்குள் விட்டுவிடுகிறோம். சூட்டில் பசை உருகிக் காகிதத்தின் இழைக்குள் இறங்கிவிடும். அப்புறம் பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். காகிதத்தில் இருக்கும் அமிலம் எங்கும் போகாது, உள்ளேயே இருந்து தாளைப் பழுப்பாக்கும். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் ஒருவகை லேமினேஷனைச் செய்துவிட்டு, பிறகு அதை எப்படிப் பிரிப்பது என்று திண்டாடியிருக்கின்றன. என் டிகிரி மார்க் ஷீட்டை அப்பா ஆசை ஆசையாக லேமினேட் செய்து வந்தார். பின்னால் ஓர் அலுவலகத்தில் அதன் முதுகில் முத்திரை குத்தவேண்டி வந்தது. மை ஒட்டவில்லை. குமாஸ்தா இரண்டு முறை குத்திப் பார்த்தார், விரலால் தேய்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது உங்களுக்கு அனுப்புகிறேன்.

சரி, முடிந்த இரண்டும் முடிந்துபோயின. விடுங்கள். என்னைத் தூங்கவிடாதது அந்த ரப்பர்தான். மாமா கிறுக்கியிருந்தார் என்று எழுதுகிறீர்களே, அது என்ன கிறுக்கல் தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும். சுழித்த முதலெழுத்து என்று வாசித்த உடனே தெரிந்துவிட்டது.

1995. மதுரையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். ஊரிலேயே எனக்குத் தெரிந்த ஒரே குளிர்ச்சியான அறை அதுதான். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் என்று அந்தக் காலத்து கம்ப்யூட்டர் பாடங்கள் வாரம் முழுக்க ஓடும். சனிக்கிழமை கடைசி அரைமணி நேரம் மட்டும் சார் எங்களைக் கண்டுகொள்ளமாட்டார். ஒரு கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்வோம். திரையில் வெள்ளை உடை போட்ட பையன் ஓடுவான், தாவுவான், விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதை அசைவு அசைவாக வரைந்து செய்த பையன் அவன். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவன் விழும்போது ஏழு பேருக்கும் வயிற்றில் பகீர் என்றது மட்டும்தான்.

முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். வரிசையாகக் குப்பிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆங்கில எழுத்து. கீழே ஒரு வரி: கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி. சரியாகக் குடித்தால்தான் மேலே போக வழி.

கையேட்டுக்கு நாங்கள் எங்கே போவது? ஃபிளாப்பியிலிருந்து ஃபிளாப்பிக்குக் காப்பியாகி, எத்தனையாவது கை என்றே தெரியாமல் எங்களிடம் வந்த விளையாட்டு அது. அந்த அறையைக் கட்டியதே எங்களைப் போன்றவர்களைத் தடுப்பதற்குத்தான். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் காசு கொடுத்து வாங்கியவன் மடியில் ஒரு புத்தகம் இருக்கிறது, அது நம்மிடம் இல்லை என்பது அந்தக் குப்பிகளைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், லாங் சைஸ் நோட்டின் நடுத்தாளைக் கிழித்து நான்கு பத்தி கோடு போட்டோம். பக்கம், வரி, சொல், எழுத்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்ட எண்களைக் குறித்துக்கொண்டு குருட்டாம்போக்கில் ஒரு குப்பியைக் குடிப்போம். தப்பென்றால் அந்த எழுத்தைச் சின்னதாக எழுதி அடித்துவிடுவோம். சரியென்றால் பெரிதாக எழுதிச் சுழிப்போம். ஆறு மாதத்தில், கண்ணாலேயே பார்த்திராத ஒரு புத்தகத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டோம். வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு அப்படித்தானே கிடைத்திருக்கின்றன? யாரோ எங்கோ எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் உண்டு, நூல் கிடையாது. ஒப்பீடு கொஞ்சம் பெரிதுதான். பதினேழு வயதில் அப்படியெல்லாம் தோன்றவும் இல்லை. அந்தத் தாள் ஏழு பேரில் யாரிடம் போய்ச் சேர்ந்தது, எப்போது காணாமல் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் மாமா கையேடு வைத்திருந்தவர். அவர் ஏன் சுழித்தார்? ஒவ்வொரு முறையும் வரியை விரல்விட்டு எண்ணுவதில் அலுத்துப்போய் ஒரேயடியாகக் குறித்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஊரில் கையேடு இல்லாத பையன்கள் யாருக்கோ கடிதத்தில் எழுதியனுப்ப ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறார். ஓரத்து எண்கள் அதற்குத்தான். நிரூபிக்க வழியில்லை. வழி இருந்திருக்கும், நீங்கள் ரப்பரை எடுத்திருக்காவிட்டால்.

இது பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். கையேடு என்றால் மிக்ஸியோடு வரும் துண்டுத்தாள் மாதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து விளையாட்டில் பாதி ஃபிளாப்பி வட்டில் இருந்தது, பாதி காகிதத்தில் இருந்தது. 1982இல் இன்ஃபோகாம் நிறுவனம் டெட்லைன் என்ற துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. எழுதிய அத்தனையும் வட்டில் கொள்ளவில்லை. சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், இறந்தவர் அறையில் கிடந்ததாக வெள்ளை மாத்திரைகள். மாத்திரையை எந்த இணையதளத்தில் டவுன்லோடு செய்வீர்கள்? சிம்சிட்டி என்ற விளையாட்டோடு, அது கேட்கும் கேள்விக்கு விடை பார்க்கக் கருஞ்சிவப்புத் தாள் ஒன்று வந்தது. ஜெராக்ஸ் எடுத்தால் முழுக்கக் கறுப்பாகிவிடவேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். (இன்றைய ஸ்கேனரில் வண்ணத்தில் எடுத்து, சிவப்பை மட்டும் பிரித்தால் பளிச்சென்று தெரியும். உங்கள் ஆறு கையேடுகளோடு அது இருக்கிறதா?) நின்டெண்டோவின் ஸ்டார்ட்ராபிக்ஸில், 1990 என்று நினைவு, பெட்டியில் ஒரு கடிதம் இருக்கும். நடுவில் விளையாட்டு உங்களைக் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லும். நனைத்தால் 747 என்ற எண் மேலே வரும். அது இருந்தால்தான் தொடரமுடியும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பிள்ளைகள் கடிதம் இல்லாமல் முழித்தார்கள். அந்தக் கடிதம் ஒன்று இன்று நனையாமல் கிடைத்தால் சேகரிப்பவருக்குக் கொண்டாட்டம். என்னைக் கேட்டால், நனைந்து காய்ந்து சுருங்கியதுதான் கிடைக்கவேண்டும். ஒரு பையன் பக்கெட்டுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் சாட்சி.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களை மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் ஒரே நாளில் கசக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் போன பிறகு 1994இல் சென்னையில் அது நூலகமானது. இன்றைக்கு ஆராய்ச்சி செய்பவர்கள் அந்த நோட்டீஸ்களைத் தேடியும் போகிறார்கள். அவர் கையில் ரப்பர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. பழையவற்றைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2015 ஜனவரியில் ஏறக்குறைய 2,400 டாஸ் விளையாட்டுகளை பிரவுசரிலேயே ஆடும்படி போட்டது, பெர்சிய இளவரசனுக்கு ஆபத்தில்லை. ஆனால் எல்லாம் கிடைக்கிறது என்பது பொய். அமெரிக்காவில் 2010க்கு முன்னால் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. செய்தவரிடமே இருப்பதில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரலை மெக்னரே தொலைத்துவிட்டார். தேடித் தேடி ஓய்ந்த பிறகு 2012இல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் பின்னாலிருந்து ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார், உள்ளே ஃபிளாப்பிகள். அந்த விளையாட்டுக்கு இசை போட்டவரும் அதே அப்பாதான். வீட்டில் எதையும் தூக்கிப்போடாத ஒரு பெரியவர் இருக்கவேண்டும், வேறென்ன சொல்ல.

சட்டம் கேட்டீர்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை நூலகங்கள் தொலைவிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துகாட்டக்கூட 2024 அக்டோபரில் அனுமதிக்கவில்லை. அதனால் இணையத்தில் போடுவதை இப்போதைக்கு விடுங்கள். முதலில் வீட்டில் பத்திரமாக ஒரு பிரதி எடுங்கள்.

ஃபிளாப்பிக்கு வருகிறேன். மூடியை நகர்த்தி வட்டைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் டிரைவில் போடாதீர்கள், அது வட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். போடுமுன் மூலையில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டையைத் திறந்துவிடுங்கள், கை தவறி அழிக்கமுடியாது. கிரீஸ்வீசல் என்றொரு சிறிய சர்க்யூட் போர்டு இருக்கிறது. பழைய டிரைவோடு இணைத்தால், வட்டின் காந்தப் பதிவை உள்ளது உள்ளபடியே கம்ப்யூட்டரில் இறக்கும். ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால், காப்பியடிக்க முடியாமல் அன்று செய்துவைத்த தந்திரங்கள் விட்டுப்போகும். இதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

ஏனென்றால் இப்போது எனக்கு வேறு அவசரம். அந்தக் கையேட்டை இன்னும் லேமினேட் செய்யக் கொடுக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? கொடுக்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கையேட்டை மேஜையில் விரியுங்கள். போன் டார்ச்சை மேலேயிருந்து அடிக்கவேண்டாம், தாளோடு தாளாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பென்சில் கரிதான் ரப்பரில் போகும், கை அழுத்திய பள்ளம் போகாது. மாமா அழுத்தி எழுதுபவராக இருந்தால் வட்டங்கள் நிழலாகத் தெரியும். வெளிச்சத்தை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி, பக்கத்துக்கு நான்கு படம் எடுங்கள். பள்ளத்தின் மேல் மறுபடி பென்சிலால் எழுதித் தொலைக்காதீர்கள்.

தெரிந்தால் எனக்கும் அனுப்புங்கள். எங்கள் நோட்டுத்தாளில் ஆறாம் பக்கத்துக்கு நேரே ஒரு கட்டத்தில் கடைசிவரை கேள்விக்குறிதான் இருந்தது. மூன்றாவது வரி, முதல் சொல். மாமா அதைச் சுழித்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.